குண்டு இல்லாமல் குறி பழகுதல்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குக் கிளியனூர் வழியில் வரும் ஒரு நிறுத்தம். ஆனால் 1911-ஆம் ஆண்டில் இவ்வழியே சென்ற ஒருவருக்கு, இவ்வூரைக் கடந்து சில மைல் போனதும் ஓர் அரசு முடிந்து மற்றோர் அரசு தொடங்கியது. கிளியனூர் அன்று சென்னை மாகாணத்தின் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்பட்டது. தென்கிழக்கே இருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது.

இந்த எல்லைக்குத் துப்பாக்கியோடு ஒரு தொடர்பு உண்டு. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர் எவரும் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதாவது, துப்பாக்கி சுடப் பழகுவதே இந்த மண்ணின் மக்களுக்கு ஏறக்குறைய மூடப்பட்ட கல்வி. அச்சட்டம் எல்லைக்கு அப்பால் செல்லுபடியாகவில்லை. ஆகவே தமிழ்நாட்டில் கைத்துப்பாக்கிப் பயிற்சியின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

தோப்பில் நடந்த பயிற்சி

1910-ஆம் ஆண்டில் வ. வே. சு. ஐயர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் கம்பனை ஆராய்ந்தவராகவும் நாம் அறிந்த அதே ஐயர்தான். லண்டனில் சட்டம் படிக்கப் போன அவர், அங்கே இந்தியா ஹவுஸ் இல்லத்தில் கூடிய புரட்சியாளர்களுடன் சேர்ந்தார். பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி, மாறுவேடத்தில் ஊர் திரும்பினார். புதுச்சேரியில் அவர் இளைஞர்கள் சிலருக்கு உடற்பயிற்சியோடு கைத்துப்பாக்கி சுடவும் கற்றுக்கொடுத்தார். நூல்களில் கரடிக்குப்பம் என்று குறிக்கப்படும் இடத்தில், ஊருக்குப் புறம்பே இப்பயிற்சி நடந்ததாகக் கூறுவர். அங்கே பழகியவர்களுள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வனத்துறையில் வேலை பார்த்தவர், வயது இருபத்தைந்து.

ஐயர் இருந்த லண்டனிலேயே இத்தகைய பயிற்சிக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலி என்ற அதிகாரியை மதன்லால் திங்ரா சுட்டுக் கொன்றார். அவர்மீது நடந்த வழக்கில், டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் கட்டணம் வாங்கிக்கொண்டு சுடவிடும் கூடம் ஒன்றை நடத்தியவர் சாட்சி சொன்னார். திங்ரா சுமார் மூன்று மாத காலம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அங்கே வந்து பழகினார். கொலை நடந்த அன்று மாலையிலும் வந்து, 18 அடித் தொலைவிலிருந்த இலக்கை நோக்கிப் பன்னிரண்டு முறை சுட்டார். பதினொன்று பட்டன. அந்தக் காகித இலக்கும் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது.

1911 ஜூன் 17 அன்று காலை, மணியாச்சி ரயில் சந்திப்பில் நின்றிருந்த வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் அமர்ந்திருந்தார். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார்; பிறகு ஓடி, அதே கைத்துப்பாக்கியால் தம் உயிரையும் போக்கிக்கொண்டார். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் வகைத் துப்பாக்கி அது.

இந்நிகழ்ச்சியை அரசியல் வரலாறு பலவாறு பேசியிருக்கிறது. அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று உண்டு. மணியாச்சியில் சுட்டவருக்கும் சுடப்பட்டவருக்கும் இடையே இருந்தது ரயில் பெட்டிக்குள் அடங்கும் சில அடித் தொலைவு. அத்தொலைவில் குறி பார்க்கும் திறமைக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

கைத்துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்னால் ஒரு சிறு முனையும், பின்னால் ஒரு பள்ளமும் இருக்கும். பள்ளத்தின் நடுவே முனை தெரியுமாறு பிடித்து, அந்த முனையை இலக்கோடு பொருத்துவதே குறி பார்த்தல். இதில் இரு வகைத் தவறுகள் நேரலாம்.

முதல் வகையில், துப்பாக்கி முழுவதும் ஒரே சீராகப் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது; முனையும் பள்ளமும் ஒன்றுக்கொன்று நேராகவே இருக்கின்றன. அப்போது குண்டும் இலக்கில் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளிப் படும்.

இரண்டாம் வகையில், பள்ளத்தின் நடுவிலிருந்து முனை ஒரு மில்லிமீட்டர் விலகுகிறது. இப்போது துப்பாக்கி நகரவில்லை, திரும்பிவிட்டது. கோணம் மாறினால், தொலைவு கூடக்கூட விலகலும் கூடும். முனைக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி 15 செ.மீ. என்று கொள்வோம். ஒன்றரை மீட்டர் தொலைவில் குண்டு 1 செ.மீ. விலகும். பத்து மீட்டரில் ஏறக்குறைய 7 செ.மீ.; இருபத்தைந்து மீட்டரில் ஏறக்குறைய 17 செ.மீ. விலகும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒத்த முக்கோணங்களின் கணக்கேதான் இது.

மணியாச்சியின் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் விலகல் பொருட்டே அன்று. ஆகவே அங்கே குறி பார்க்கும் கலைக்குப் பெரிய பங்கு இருந்திருக்க முடியாது. தோட்டாவை நிரப்புவது, பூட்டைத் திறப்பது, கருவி கையில் அதிரும்போது திகைக்காமல் இருப்பது ஆகியவற்றையே அத்தகைய பயிற்சி தந்திருக்கும்.

தொலைவு கூடும்போதுதான் குறி பார்த்தல் ஒரு தனிக் கலையாகிறது. அந்தக் கலை மனிதரை இலக்காகக் கொள்ளாத மைதானத்தில் வளர்ந்தது. 1896-இல் ஏதன்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் பந்தயங்களிலேயே கைத்துப்பாக்கிப் போட்டிகள் இருந்தன. 1907-இல் இதற்கான சர்வதேசச் சங்கம் தோன்றியது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி சேர்க்கப்பட்டது. இதில் வெடிமருந்து இல்லை. அழுத்திய காற்று 4.5 மி.மீ. விட்டமுள்ள ஓர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. தொலைவு 10 மீட்டர். பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே; சட்டைப் பொத்தான் ஒன்றின் அளவு. ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். மற்றக் கையின் துணை கூடாது. துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இத்துப்பாக்கியில் முனைக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி 32 செ.மீ. என்று வைத்தாலும், ஒரு மில்லிமீட்டர் பிசகினால் குண்டு இலக்கில் 31 மி.மீ. தள்ளிப் படும். பத்துப் புள்ளி ஏழாகக் குறைந்துவிடும். ஆனால் கை முழுவதும் ஐந்து மில்லிமீட்டர் சீராக அசைந்தாலும் பத்து கிடைத்துவிடும்! புதிதாகப் பழகுவோர் கை அசைவதைக் கண்டு அஞ்சுகிறார்கள். அவர்கள் அஞ்ச வேண்டியது முனை பள்ளத்திலிருந்து விலகுவதற்கே.

கண் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் உள்ள நாட்காட்டியைப் பாருங்கள். நாட்காட்டியின் எண் தெளிவாகத் தெரியும்போது விரல் மங்கும். விரல் நகம் தெளிவாகும்போது எண் மங்கும். கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்குத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியும்.

துப்பாக்கி பிடிப்பவருக்கோ பின்பள்ளம், முன்முனை, இலக்கு என மூன்று பொருள்கள் உள்ளன. மூன்றையும் ஒருங்கே தெளிவாகக் காண இயலாது. இலக்கைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும் என்று நம் உள்ளுணர்வு சொல்லும். அது தவறு. மேலே கண்ட கணக்குப்படி, பெரும்பிழை பிறக்குமிடம் முனையும் பள்ளமுமே. எனவே முன்முனை மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலான கறுப்பு உருண்டையாகத் தெரிந்தால் போதும். பயிற்சியாளர்கள் மாணவருக்கு முதலில் சொல்லும் பாடம் இதுவே.

நடுக்கமும் விரலும்

எவ்வளவு வலிமை உள்ளவராயினும், நீட்டிய கை நடுங்காமல் இராது. உடலின் இயல்பான நடுக்கம் வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை நிகழ்கிறது. அதனோடு மூச்சின் ஏற்ற இறக்கமும், இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போது உண்டாகும் சிறு உதைப்பும் சேர்கின்றன. இந்நடுக்கத்தை மருந்தால் அடக்க முயன்றவர்களும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரும் பீட்டா தடுப்பு மருந்துகள் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். ஆகவே துப்பாக்கிப் போட்டிகளில் அவை தடை செய்யப்பட்டுள்ளன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங்-சு, பிராப்ரனலால் என்ற மருந்து உடலில் இருந்தது தெரிந்து, வென்ற இரண்டு பதக்கங்களையும் இழந்தார்.

நேர்மையாகப் பழகுவோர் நடுக்கத்தை ஒழிக்க முயல்வதில்லை. அதனோடு வாழக் கற்கிறார்கள். இங்கேதான் விரலின் பங்கு வருகிறது.

முனை இலக்கின் நடுவுக்கு வரும்போது 'இதோ, இப்போது!' என்று மனம் கட்டளையிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் கண்டதை மூளை அறிந்து, விரலுக்கு ஆணையிட்டு, விரல் அசைய ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். அதற்குள் கை இரண்டு முறை நடுங்கி வேறெங்கோ போய்விட்டிருக்கும். போதாக்குறைக்கு, அவசரமாக விசையை வெடுக்கென்று இழுப்பதால் துப்பாக்கியே திரும்பிவிடும். காற்றுக் கைத்துப்பாக்கியின் விசைக்கு 500 கிராம் இழுப்பேனும் இருக்க வேண்டும் என்பது விதி. அரைக்கிலோ இழுப்பைத் திடீரென்று கொடுத்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே கை அசைந்துகொண்டிருக்கும்போதே, முனையைப் பள்ளத்தின் நடுவில் வைத்துக்கொண்டு, விரலின் அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எந்தக் கணத்தில் குண்டு கிளம்பும் என்பது சுடுபவருக்கே சற்று வியப்பாக இருக்க வேண்டும். எட்டுப் பத்து வினாடிகளில் காரியம் முடியாவிட்டால், கையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி தொடங்க வேண்டும். அப்படி இறக்கத் துணிவதும் ஒரு பயிற்சியே.

வெடி ஓசைக்கும் உதைப்புக்கும் அஞ்சி, குண்டு கிளம்புவதற்கு ஒரு கணம் முன்னமே உடல் சுருங்குவது மற்றொரு குறை. உதைப்பு வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடுவதால், சுடுபவர் தம் குறையைத் தாமே அறிவதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்கள் ஓர் உத்தி வைத்திருக்கிறார்கள். மாணவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு இடையே வெற்றுத் தோட்டாக்களைக் கலந்து வைப்பார்கள். வெற்றுத் தோட்டா முறை வந்ததும் வெடி இல்லை, உதைப்பும் இல்லை. ஆனால் மாணவரின் கை மட்டும் தானே குலுங்கும்!

வீட்டுச் சுவரே பயிற்சிக் களம்

கண்ணின் பாடத்துக்கும் விரலின் பாடத்துக்கும் குண்டு தேவையில்லை. குண்டு இருப்பது சில சமயம் பாடத்துக்கு இடையூறு. இதனால்தான் சிறந்த வீரர்கள் சுடுவதோடு நில்லாமல், சுடாமல் பழகுவதற்கும் நாள்தோறும் நேரம் ஒதுக்குகிறார்கள். வெறும் துப்பாக்கியால் செய்யும் இப்பயிற்சியின் முக்கியமான வகைகள் சில உண்டு.

முதலாவது, வெள்ளைச் சுவர்ப் பயிற்சி. இலக்கே இல்லாத சுவரை நோக்கி நின்று, முனையும் பள்ளமும் விலகாமல் விசையை அழுத்துவது. இலக்கு இல்லாததால் கண் அங்கே ஓடாது, முனையிலேயே தங்கும்.

இரண்டாவது, காசுப் பயிற்சி. குழாயின் நுனியில் ஒரு காசை வைத்து, அது விழாமல் விசையை அழுத்துவது. விரல் வெடுக்கென்றால் காசு காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, கண்மூடிப் பயிற்சி. இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடிக் கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறப்பது. கை இலக்குக்கு இடப்புறமோ வலப்புறமோ போயிருந்தால், கையைத் திருப்பக் கூடாது. பாதங்களை நகர்த்தி நிலையை மாற்ற வேண்டும். தசையால் இழுத்துப் பிடித்த குறி, தசை களைத்ததும் விலகிவிடும். எலும்பின் அமைப்பால் நின்ற குறி நிலைக்கும்.

நான்காவது, சொல்லிப் பார்த்தல். விசை விடுபட்ட கணத்தில் முனை எங்கே இருந்தது என்பதை நினைவில் நிறுத்தி, 'வலப்புறம், சற்றுக் கீழே' என்று சொல்லிவிட்டு, உண்மையாகச் சுடும் நாளில் இலக்கோடு ஒப்பிடுவது. சொன்னதும் பட்டதும் ஒன்றானால், சுடுபவர் தம் குறையைத் தாமே காணத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவற்றைப் பயிற்சியாளரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். துப்பாக்கி வெறுமையாக உள்ளதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்; தோட்டாக்கள் அதே அறையில் இருக்கக் கூடாது. துப்பாக்கி இல்லாதவர்களும் மூன்றாவது பயிற்சியைச் சுட்டுவிரலை நீட்டியே செய்து பார்க்கலாம். உடலின் நிலை எவ்வாறு குறியைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும்.

வலக்கை போனபின்

திரும்பத் திரும்பப் பழகுவதன் ஆற்றலுக்குச் சான்றாக ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோய் டக்காச்சின் வரலாற்றைச் சொல்வதுண்டு. 1936 ஒலிம்பிக்குக்குப் போகும் தகுதி அவருக்கு இருந்தது. ஆனால் அவர் அதிகாரி அல்லர், சார்ஜெண்ட் என்ற காரணத்தால் அணியில் சேர்க்கப்படவில்லை. 1938-இல் படைப் பயிற்சியின்போது பழுதான கையெறி குண்டு ஒன்று அவர் வலக்கையிலேயே வெடித்தது. சுடும் கை சிதைந்தது.

டக்காச் யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகத் தொடங்கினார். மறு ஆண்டே தம் நாட்டுச் சாம்பியன் ஆனார். போரின் காரணமாக 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவில்லை. 1948-இல் லண்டனில், தம் 38-ஆம் வயதில், 25 மீட்டர் அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் 580 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். அது அன்றைய உலக சாதனை. 1952-இல் ஹெல்சிங்கியிலும் அவருக்கே தங்கம். இடக்கைக்குப் புதிய கண்ணோ புதிய மூளையோ கிடைக்கவில்லை. முனையைப் பார்க்கும் பழக்கமும் விசையை அழுத்தும் பொறுமையும் முன்னமே மனத்தில் இருந்தன. அவற்றைப் புதிய கைக்கு அவர் சொல்லிக் கொடுத்தார்.

அதே வகைப் போட்டியில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றார். டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது, காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் கருவி பழுதானது. இறுதிச் சுற்றுக்கு அவரால் போக முடியவில்லை. 2024-இல் பாரிசில் அதே போட்டியில் அவர் வெண்கலம் வென்றார்; துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. டோக்கியோவிலும் பாரிசிலும் காற்று ரைஃபிள் பிரிவில் கலந்துகொண்ட இளவேனில் வாலறிவன், கிளியனூருக்குத் தெற்கே அதே கடற்கரைப் பகுதியில் உள்ள கடலூரில் பிறந்தவர்.

மூடிய கல்வி திறந்தது

1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 1959-இல் சுதந்திர இந்தியா புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. உரிமம் இன்றும் வேண்டும். ஆனால் இன்னாருக்கு விலக்கு, இன்னாருக்குத் தடை என்று இனம் பார்க்கும் வழக்கம் போயிற்று. 1948-இல் தொடங்கிய தேசிய மாணவர் படையில் சேர்ந்த மாணவனும் மாணவியும் பாயிண்ட் டூ-டூ ரைஃபிளைக் கையில் எடுத்துக் குறி பார்க்கப் பழகலாம். நூறாண்டுகளுக்கு முன் எல்லை கடந்து, ஒளிந்து கற்க வேண்டியிருந்த ஒன்று, இன்று சீருடை அணிந்து பட்டப்பகலில் கற்கும் பாடம்.

அன்று ஒரு நொடிப் பொழுதுக்காகப் பழகினார்கள். அதன் முடிவில் இரண்டு உயிர்கள் போயின. இன்று பழகுவோர்க்கு எதிரே இருப்பது காகிதத்தில் வரைந்த வட்டம். அது எவரையும் வெறுக்கச் சொல்வதில்லை. சுட்டவரின் கண்ணும் மூச்சும் விரலும் அக்கணத்தில் எப்படி இருந்தன என்பதைத்தான் அது பதிவு செய்கிறது. ஏழு விழுந்தால், ஒரு மில்லிமீட்டர் பிசகினோம் என்று பொருள். கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் உயர்த்தலாம். மணியாச்சியில் அதற்கு இடம் இருக்கவில்லை.